ஒத்தக்கண்ணர் படகின் கடைசிச் சுற்று

நின்றுவிட்டது. நிற்கட்டும், நன்றாக நிற்கட்டும், இன்றைக்கு இது ஒன்றுதான் பாக்கியாக இருந்தது என்று சுகந்தி நினைத்துக்கொண்டாள். சுரங்கத்துக்குள்ளே படகு ஓநாய் பொம்மைக்கு நேர் எதிரே நின்றிருந்தது. விளக்குகள் போய்விட்டன, மோட்டார் இரைச்சல் போய்விட்டது, பாறை மாதிரி வர்ணம் அடித்த சுவருக்குப் பின்னால் ஏதோ ஒரு விசிறி மட்டும் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. இருபது பேர் உட்காரும் படகில் இரண்டே பேர், அவளும் அவள் புருஷன் பக்தவத்சலமும். விடிந்ததிலிருந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கும் மனுஷன், ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டியவர், கழுத்தில் சம்பங்கி மாலையைப் போட்டுக்கொண்டு நாளைக்கு இடிக்கப்போகும் சவாரியின் முன்வரிசையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரே சுற்று, இறங்கினதும் நேரா ஆஸ்பத்திரி, உன் தலைமேல சத்தியம் என்று சொல்லித்தான் ஏறினார். அவள் தலை என்ன அவ்வளவு இளப்பமா, எதற்கெடுத்தாலும் அதன்மேல் கையை வைக்க? ஸ்கூட்டர் வாங்கமாட்டேன் என்று இந்தத் தலைமேல் சத்தியம் பண்ணித்தான் ஸ்கூட்டர் வாங்கினார். புகையிலையை விட்டுவிட்டேன் என்று இந்தத் தலைமேல்தான் அடித்தார், தீபாவளிக்குத் துவைக்கப் போட்ட சட்டைப் பையில் பொட்டலம் இருந்தது. "மோட்டார் ட்ரிப் ஆயிருக்கும். யூசுப் போட்டுடுவான் இரு," என்றார் இருட்டுக்குள்ளிருந்து. யூசுப் வெளியே படகுத்துறையில் பொத்தான் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன். அவன் எதைப் போடுவானோ, எப்போது போடுவானோ. இவர் குரலில் இருந்த நிதானத்தைக் கேட்டதும் அவளுக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

மொச்சைக்கொட்டையாம். எல்லாம் நேற்றைய மொச்சைக்கொட்டைக் குழம்பு பண்ணிய வேலையாம். கருக்கலில் விழித்துப் பார்த்தபோது கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார், பனியன் முதுகோடு ஒட்டிக் கிடந்தது, தலைக்கு மேல் விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது, இவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது. என்னங்க என்றால் ஒண்ணுமில்ல. எங்கங்க வலிக்குது என்றால் வலியெல்லாம் இல்ல, ஒரு மாதிரி இறுக்கமா இருக்கு, வாயு. இந்தக் குடும்பத்தில் வாயுவுக்கு இருக்கும் மரியாதை வேறு யாருக்கும் கிடையாது. தலை வலித்தால் வாயு, முதுகு பிடித்தால் வாயு, கால் மரத்துப்போனால் அதுவும் வாயுதான், கீழே இறங்கிவிட்டதாம்! ஓமத்தை வறுத்துக் காய்ச்சிக் கொடுத்தாள், குடித்தார். பெருங்காயத்தைச் சுட்டு மோரில் கரைத்துக் கொடுத்தாள், குடித்தார். தெருமுனைக் கடைக்காரனை எழுப்பி இஞ்சி சோடா வாங்கிவந்தாள், அதையும் குடித்துவிட்டுப் பெரிய காரியம் செய்தவர் மாதிரி ஏப்பம் விட்டார். குடிக்கச் சொன்னதையெல்லாம் குடித்த மனுஷன் ஆட்டோவில் ஏறச் சொன்னபோது மட்டும் தலையை ஆட்டிவிட்டார். அவரைச் சொல்லி என்ன, ஓமத்தை வறுத்துக்கொண்டு அடுப்படியில் நின்றது யார்? அவள்தானே. கையில் கரண்டியோடு நிற்காமல் அப்போதே தெருவில் இறங்கி ஐயோ என்று கத்தியிருந்தால் நாலு பேர் வந்து தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். கத்தவில்லை. அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று பார்த்தாள். ஓமம் கருகிவிடுமே என்றும் பார்த்தாள்.

அண்ணன் மணவாளனும் இப்படித்தான். பெரம்பூர் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நெஞ்சைக் கரிக்குது என்றாராம், அண்ணி சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்தாளாம், ஏப்பம் வந்தா சரியாயிடும் என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்தாராம். ஏப்பம் வந்தது. அண்ணன் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் உட்கார்ந்துகொண்டு அத்தனை பேரும் சொன்னார்கள், வாயுன்னு நினைச்சுட்டாங்க பாவம், வாயுன்னு நினைச்சுட்டாங்க. சொன்ன அத்தனை பேரும் வீட்டுக்குப் போய் அன்றைக்கு ராத்திரி நெஞ்சைக் கரித்தால் சீரகத் தண்ணீர்தான் குடித்திருப்பார்கள். இந்த மனுஷன் அன்றைக்கு என்ன சொன்னார் தெரியுமா? உங்க அண்ணிக்கு விவரம் பத்தாது என்றார்! விவரம். விவரமான மனுஷன் இதோ மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறார். ஓசூரில் இருக்கும் மகள் நித்யா காலையில் போனில் அழாத குறைதான். அம்மா, ஈசிஜி எடுக்கச் சொல்லும்மா, அப்பாவ நம்பாத, நீ கூட்டிக்கிட்டுப் போ என்றாள். அவர் போனை வாங்கி, உங்கம்மா ஒரு பயந்தாங்கொள்ளி, உனக்குத் தெரியாதா, சாயங்காலம் பேசறேன் என்று வைத்துவிட்டார். சாயங்காலம். அந்தச் சொல் அவள் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அசையமாட்டேன் என்கிறது. சாயங்காலம் என்று ஒன்று வரும்தானே? வந்தே தீரும், எப்போதும் வருகிறதே. பாலை வெளியிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டோமோ? மோர் கலக்கும்போது ஃப்ரிட்ஜைத் திறந்தாள், தயிரை வெளியே எடுத்தாள், பால் பாத்திரத்தை நகர்த்தி மேடையில் வைத்தாள், பிறகு? திருப்பி உள்ளே வைத்த மாதிரி நினைவில்லை.

எல்லாம் முதலாளியால் வந்தது. ஊர் உலகத்தில் ஒரு சவாரியை மூடுவதென்றால் பூட்டுப் போட்டு மூடுவார்கள். இவருக்கு மங்களமாக மூட வேண்டும். செங்கல்பட்டு தாண்டிப் பொட்டல் காடாக இருந்த இடத்தை வாங்கிப் பொழுதுபோக்குப் பூங்கா கட்டியவர், ராட்டினத்துக்கும் நாள் நட்சத்திரம் பார்ப்பவர். இந்தப் படகைத் தொடங்கியபோது முதல் சுற்றில் ஒரு தம்பதி போய்வர வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கல்யாணமாகி மஞ்சள் கயிறு மாற்றாத புதுப் பெண்டாட்டியோடு இருந்த ஒரே ஆள் மோட்டார் மெக்கானிக் பக்தவத்சலம். பிடித்து ஏற்றிவிட்டார்கள். வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கலாம், படகுக்கு எங்கே வைப்பது? தண்ணீரில் போட்டார்கள், அது மிதந்து படகுக்கு முன்னாலேயே சுரங்கத்துக்குள் போய்விட்டது, எல்லாரும் நல்ல சகுனம் என்று கைதட்டினார்கள். தொடங்கி வைத்த தம்பதியே முடித்தும் வைக்க வேண்டும் என்று போன வாரம் ஆள் விட்டுச் சொன்னார் முதலாளி, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வரச் சொல்லி. இவர் அன்றிலிருந்து தரையில் கால் பாவாமல் நடந்தார். காலையில் அவள் அழுது அரற்றியபோதும் அதைத்தான் சொன்னார். "மேளம் சொல்லிட்டாங்க, ஐயர் வந்துடுவாரு, என்னை நம்பி எல்லாம் வச்சிருக்காங்க. தம்பதியா ஏறி இறங்கிட்டா முடிஞ்சுது. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஆயிடும்." ஸ்கூட்டரை அவள் ஓட்டட்டும் என்று பின்னால் உட்கார்ந்து வந்தபோதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். அவர் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்ததே கிடையாது.

"யூசுப்! டேய் யூசுப்!" என்று கத்தினாள். குரல் போய் எங்கேயோ தகரத்தில் மோதித் திரும்பி வந்தது. வெளியே நாதஸ்வரமும் தவிலும் போட்டி போட்டுக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தன. உள்ளே கேட்பதே இரைச்சலாக இருக்கிறதே, வெளியே நிற்பவர்களுக்கு இவள் கூப்பாடு கேட்குமா? இடிக்கிற ஆட்கள் ஏதாவது கேபிளை வெட்டியிருப்பார்கள். படகு மெதுவா வருது, தம்பதி ஆசை தீரப் பார்த்துக்கிட்டு வராங்க என்று அங்கே சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவள் கைப்பை, கைப்பைக்குள் போன், இரண்டும் டிக்கெட் கவுன்டர் சந்திராவின் மடியில். அவர் போன் ஸ்கூட்டர் பெட்டிக்குள். தண்ணிச் சவாரில எதுக்கு போனு என்று எடுத்து உள்ளே போட்டவரும் இவர்தான். "ஏன் கத்தற, தொண்டை போயிடப் போவுது," என்றார். பேச்சுக்கு நடுவில் ஒரு மூச்சு எடுத்தார். போயிடப் என்று சொல்லி, மூச்சு எடுத்து, போவுது என்றார். அவள் அதைக் கேட்டாள். இருட்டில் காது மட்டும்தான் வேலை செய்கிறது, அது வேண்டாததையெல்லாம் கேட்டுத் தொலைக்கிறது. "கை வலிக்குதா?" "இல்ல." "இடது கை?" "இல்லன்னு சொல்றேன்ல." "அப்ப எதுக்குத் தேய்ச்சுக்கிட்டே இருக்கீங்க?" உள்ளங்கை சட்டைத் துணியில் உரசும் சத்தம் நின்றது, கொஞ்சம் கழித்து மறுபடி தொடங்கியது.

சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்து அடித்தார். போன் எடுத்துவரத் தெரியாது, டார்ச் இல்லாமல் மட்டும் வெளியே கிளம்பமாட்டார். வெளிச்சம் நேரே ஓநாயின் வாய்க்குள் போய் விழுந்தது. சனியன் பிடித்த ஓநாய். இதன் தாடை சரியாகத் திறந்து மூட வேண்டும் என்பதற்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இவர் இங்கே வந்து விழுந்து கிடந்திருக்கிறார், வீட்டில் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும், அதற்கு வாஷர் மாற்ற நேரம் இருக்காது. ஐரோப்பாவில் வடக்கே பனி விழுகிற தேசத்துச் சாமிகளாம் இதெல்லாம். அறிவு வேண்டும் என்று ஒரு கண்ணைப் பிடுங்கிக் கிணற்றில் போட்ட பெரிய சாமி வாசலில் நிற்கும், ஒத்தக்கண்ணர் என்று தோட்டக்காரர்கள் வரைக்கும் கும்பிடுவார்கள், ஆயுதபூஜைக்கு அதற்கும் பொரிகடலை உண்டு. சுத்தியல் வைத்திருக்கிற சாமி, உலகத்தையே சுற்றி வளைத்துத் தன் வாலைத் தானே கவ்விக்கொண்டிருக்கிற பாம்பு, செத்தவர்களின் நகத்தை வெட்டிச் சேர்த்துக் கட்டின கப்பல். நகத்தால் கப்பல்! வெட்டின நகத்தை வீட்டுக்குள் போட்டால் தரித்திரம் என்று சொல்லி வளர்த்த பிள்ளையிடம் அதைச் சிரித்துக்கொண்டே கதையாகச் சொன்னவர் இவர். இந்த ஓநாய்க்கும் ஒரு கதை உண்டு. இதைக் கட்டிப்போட நூல் மாதிரி ஒரு கயிறு கொண்டுவந்து, சும்மா விளையாட்டுக்குத்தான், அவிழ்த்துவிடுவோம் என்றார்களாம் சாமிகள். ஓநாய் நம்பவில்லை, யாராவது என் வாய்க்குள் கையை வைத்துச் சத்தியம் பண்ணுங்கள் என்றதாம். பொய்ச் சத்தியம் என்று தெரிந்தே ஒரு சாமி கையை வைத்தது, கை போனது. அதற்காவது ரோஷம் இருந்தது, தன் கையை வைத்தது. இவர் வைத்தது அவள் தலையை.

கடைசிக் கட்டத்தில் இந்த ஓநாய் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பெரிய சாமியை விழுங்கிவிட வேண்டும், எல்லாச் சாமியும் சாக வேண்டும், உலகம் தண்ணீரில் முழுக வேண்டும், அப்படித்தான் கதையாம். படம் போட்டுக் கொடுத்த பம்பாய்க்காரர்கள் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார்கள். முதலாளி அதைப் பார்த்துவிட்டுக் குதித்தார். பிள்ளைகுட்டியோட வர்றவங்கள, எல்லா சாமியும் செத்துப்போச்சு போயிட்டு வாங்கன்னு சொல்லி அனுப்பறதாய்யா? ஓநாயை இன்னும் நாலு சுற்று கட்டு! என்று உத்தரவு. பக்தவத்சலம் போய் நீல நைலான் கயிறு வாங்கிவந்து கட்டினார். படகு வெளியே வரும்போது நாதஸ்வரத்தோடு கெட்டிமேளம் போட்டுவிட்டார்கள், சுரங்கத்தைவிட்டு வெளியே வந்த சனமெல்லாம் அட்சதை போடக் கையைத் தூக்கிவிட்டுச் சிரிக்கும். இத்தனை வருஷமும் அப்படியே ஓடியது. யாரும் சாகாத கதை. சாகிறதைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட்டால் சாவு வராது என்று இவர்களுக்கெல்லாம் யார் சொன்னது? நீல நைலான் கயிற்றால் நாலு சுற்று சுற்றிவிட்டால் ஆயிற்றா? அவளுக்கு அழுகை வந்தது, அழுகையைவிட எரிச்சல் அதிகமாக வந்தது, எரிச்சலாக இருக்கும்வரை பரவாயில்லை என்றும் தோன்றியது, எரிச்சல் போய்விட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று யோசி, உருப்படியாக ஏதாவது யோசி. நெடுஞ்சாலையில் புதிதாகக் கட்டினது ஒன்று இருக்கிறது, நீலக் கண்ணாடி போட்டது. பூங்கா வேனில் போனால் சீக்கிரம் போய்விடலாம். வேன் டிரைவர் மேளக்காரர்களைக் கூட்டிவரப் போனானே, திரும்பியிருப்பானா? நாதஸ்வரம் கேட்கிறது, திரும்பித்தான் இருப்பான். இவரைப் படுக்கவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும், இவர் படுக்கமாட்டார், முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவருக்கு கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வருவார். நித்யாவுக்குச் சொல்ல வேண்டும். என்னவென்று சொல்வது? அவள் பஸ் ஏறி வருவதற்குள். எதற்குள்? சீ, வாயைக் கழுவு. அண்ணி பதினாறாம் நாள் உட்கார்ந்திருந்த மூலை கண்முன் வந்து நின்றது, போ போ என்று விரட்டினாள், அது போகாமல் அங்கேயே நின்றது, அண்ணியின் கழுத்து, வெறும் கழுத்தில் விரலை வைத்து எதையோ தேடிக்கொண்டே இருந்த அண்ணி. அவள் கை தானாகப் போய்த் தாலிச்சரட்டைப் பிடித்துக்கொண்டது. பாலை வெளியேதான் வைத்துவிட்டாள், சந்தேகமே இல்லை, இந்த வெயிலுக்கு மத்தியானமே திரிந்துவிடும். திரியட்டும், பால்தானே. பால் போனால் என்ன, பால் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று திரும்பத் திரும்ப அதையே நினைத்துக்கொண்டிருந்தாள்.

படகு லேசாகச் சாய்ந்தது. "என்ன பண்றீங்க?" அவர் எழுந்து நின்றிருந்தார். மாலையைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். "மோட்டார் நின்னா தண்ணி இறங்கிக்கிட்டே போவும். பாரு, சுவத்துல ஈரக்கோடு தெரியுது பாரு. இன்னும் கொஞ்சம் போனா படகு தரையில உக்காந்துடும், அப்புறம் யானை வந்தாலும் இழுக்க முடியாது. நான் இறங்கித் தள்ளிடறேன். எத்தனை வாட்டி தள்ளியிருக்கேன். அந்த வளைவு தாண்டினா வாசல்." "உக்காருங்க," என்றாள். "முட்டி ஆழம்தான்." "உக்காருங்கன்னு சொல்றேன்." "சும்மா உக்காந்துக்கிட்டு இருந்தா எப்படி..." என்று காலை விளிம்புக்கு மேல் தூக்கினார். அவ்வளவுதான். "உக்காரு!" என்று ஒரு சத்தம் போட்டாள். "நெஞ்ச புடிச்சுக்கிட்டு நீ தண்ணில இறங்கித் தள்ளி நட்டநடுவுல விழுந்தீன்னா உன்னை எப்படித் தூக்குவேன் நான்? யாரு தூக்குவா? ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது நான் சொன்னதைக் கேட்டிருக்கியா? கட்டைவிரல் நசுங்கி நகம் தொங்கிக்கிட்டு வந்தப்பக்கூட சும்மா இடிச்சுக்கிட்டேன்னு சொல்லிட்டு சோறு தின்னுட்டு உக்காந்தியே, என்ன ஜென்மம் நீ! உக்காரு அங்கயே!" ஓநாய்க்குப் பின்னால் போய் உக்காரு, உக்காரு என்று எதிரொலித்தது. அவர் காலைக் கீழே வைத்தார். உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு சுலபமாக உட்கார்வார் என்று அவள் நினைக்கவில்லை. இன்னும் திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தாள்.

ஓரத்தில் நடக்க ஒரு பலகைப் பாதை இருந்தது, இடிப்பவர்கள் அதை முதலிலேயே பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவரை இங்கே விட்டுவிட்டுத் தான் மட்டும் தண்ணீரில் நடந்து போய் ஆளைக் கூட்டிவரலாமா? அவள் வளைவு திரும்பினதும் இறங்கித் தள்ள ஆரம்பித்துவிடுவார், இவரைத் தெரியாதா. பட்டுப்புடவையை வாரிச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு பின்பக்கமாகப் போய் இறங்கினாள். தண்ணீர் சில்லென்று முட்டிக்கு மேல் வந்தது. தரை பாசி பிடித்து வழுக்கியது, நாணயங்கள் காலில் குத்தின, வேண்டிக்கொண்டு போட்ட காசுகள், யார் யாருடைய வேண்டுதலையெல்லாமோ மிதித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கையையும் ஃபைபர் விளிம்பில் ஊன்றித் தள்ளினாள். அசையவில்லை. மறுபடி தள்ளினாள், தோள்பட்டை கிளுக் என்றது, படகு தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி மெல்ல நகர்ந்தது. நகர்ந்ததும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "நடுவுல புடிக்காத. வலது ஓரமா புடி." சரி. "குனிஞ்சு தள்ளு, நிமிந்து தள்ளினா இடுப்பு புடிச்சுக்கும்." சரி சரி. "அந்தப் பொம்மை மரத்தாண்ட அடியில ஒரு மேடு இருக்கும், முட்டிக்கும், இடது பக்கம் கொஞ்சம் திருப்பிக்க." இவரை என்ன செய்தால் தகும்! அப்படியே கவிழ்த்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. டார்ச்சைப் பின்பக்கம் திருப்பி அவளுக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தார், அந்த வெளிச்சம் சரியாக அவள் கண்ணிலேயே அடித்தது. "கண்ணுல அடிக்குது, கீழ காட்டுங்க," என்றாள். டார்ச் கீழே இறங்கியது. மரத்தடி மேட்டில் படகு முட்டியது, அவர் சொன்ன மாதிரியே இடது பக்கம் திருப்பினாள், உராய்ந்துகொண்டு தாண்டியது. "ம்," என்றார், புது ஆளுக்கு வேலை கற்றுக்கொடுத்த திருப்தியோடு.

சுத்தியல் சாமியைத் தாண்டினார்கள். இதற்குத் தாடி வைத்த அன்றைக்கு அவள் கேலி பண்ணிச் சிரித்தாள், நம்ம மீசைக்கார மாமா மாதிரி இருக்குது என்று, அவரும் சிரித்தார், அவருக்கு அப்போது தலை நிறைய முடி. இந்தப் பூங்காவுக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்ததும், நித்யாவைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு வந்து பாம்பைக் காட்டியதும், குழந்தை அலறி ஒன்றுக்குப் போனதும், எல்லாம் இந்த இருட்டுக்குள்தான். சந்தோஷமாகத்தான் இருந்தோம் என்று நினைத்தாள், எரிச்சலும் சந்தோஷமும் ஒரே பாத்திரத்தில்தான் வெந்தது, இது எது அது எது என்று இப்போது பிரிக்க முடியாது. முதுகில் வேர்வை வழிந்தது. மூச்சு இரைத்தது. தன் மூச்சு இரைப்பையே கேட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் தள்ளிவிட்டாள், பிறகுதான் உறைத்தது. உள்ளேயிருந்து வெகுநேரமாக ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்தப் பக்கம் திருப்பு இல்லை, இப்படிப் பிடி இல்லை. டார்ச் வெளிச்சம் படகின் அடித்தட்டில் கிடந்தது, அசையாமல் ஒரே இடத்தில்.

"ஏங்க."

நின்றுவிட்டாள். படகு மட்டும் தள்ளின வேகத்தில் கொஞ்சம் முன்னால் போனது, விளிம்பு கையைவிட்டு நழுவியது, பாய்ந்து பிடித்துக்கொண்டாள். ஏதாவது சொல்லுங்க. குறை சொல்லுங்க. மொச்சைக்கொட்டையைச் சொல்லுங்க. "ஏங்க! கூப்பிடறேன்ல!" வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் சுவரில் சாம்பலாகப் படிய ஆரம்பித்திருந்தது. அதில் அவர் தலை தெரிந்தது. வரிசை வரிசையாகப் பின்னால் நகர்ந்து வந்து கடைசி இருக்கையில், அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில், கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்போது இவ்வளவு கிட்டே வந்தார் என்று அவளுக்குத் தெரியவில்லை. முகம் முழுக்க முத்து முத்தாக வேர்வை. உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார்.

"சுகந்தி," என்றார். "பயமா இருக்குடி."

அவர் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்ல அவளிடம் பதில் உண்டு, இத்தனை வருஷத்தில் அது ஒன்றில் அவள் தோற்றதே இல்லை. ஆனால் இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. பெண்பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர், அவர் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோது முன்னால் நடந்தவர், அந்த மனுஷனுக்குள் இப்படி ஒரு குரல் இருந்ததா? திட்டினால் நன்றாக இருக்கும், விறைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும், உனக்கு ஒண்ணும் தெரியாது என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்! "வண்டி எடுங்க! யாராச்சும் வண்டி எடுங்க!" என்று வெளிச்சத்தைப் பார்த்துக் கத்தினாள். தவில் சட்டென்று பாதி அடியில் நின்றது. அங்கே யாரோ என்னவோ கேட்டார்கள். தண்ணீரில் ஆள் குதிக்கும் சத்தம் கேட்டது, ஒருவர், பிறகு இன்னும் இரண்டு பேர். அவள் நிற்கவில்லை. அவர்கள் வரும்வரை நிற்பதற்கு நேரம் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு தள்ளினாள், கண்ணீர் மூக்கு வழியாக வந்து வாய்க்குள் போனது.

"இதைக் காலையிலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே," என்றாள்.

அவர் கையை நீட்டி, விளிம்பைப் பிடித்திருந்த அவள் கையின்மேல் வைத்தார். சில்லிட்டுப்போய் ஈரமாக இருந்தது. வைத்தவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அவளால் விரலை அசைக்க முடியவில்லை, படகு ஒரு பக்கமாக இழுத்தது.

"கையை எடுங்க. தள்ள முடியல."

அவர் எடுக்கவில்லை. அப்படியே தள்ளினாள்.